வெண்புறாவுக்கு ஒரு பதில்

அத்தியாயம் 17

ஞாயிற்றுக்கிழமை கிள்ளானிலிருந்து பரிசம் போட வருகிறார்கள். பிரிக்பீல்ட்ஸ் மூன்றாம் மாடி வீட்டில், மாப்பிள்ளை வீட்டாருக்குத் திருப்பித் தர ஒன்பது தட்டுகள் கூடத்துச் சுவரோரமாக நிற்கின்றன. போன வாரம் அந்தத் தட்டுகளுக்கு நடுவில்தான் வேலாயுதத்தை விட்டுவிட்டு வந்தோம், கையில் ஒரு காகிதத்தோடு.

விட்டுப் போனவர்களுக்காக நாலு வரி சொல்லிவிடுகிறேன். வேலாயுதம் ரயில்வேயில் தலைமைக் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். மூத்தவள் சந்திரகலா கிள்ளானில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். இளையவன் விஜயன் ஷா ஆலம் தொழிற்சாலை ஒன்றில் கம்ப்யூட்டர் பிரிவில் வேலை செய்கிறான். வீட்டிலும் ஒரு கம்ப்யூட்டர் வைத்து, 'தமிழர் மேடை' என்று இன்டர்நெட்டில் ஒரு பக்கம் நடத்துகிறான். அதில் யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் எழுதலாம். பேர் சொல்ல வேண்டியதில்லை. பத்திரிகையில்கூட இதைப் பற்றி ஒரு துண்டுச் செய்தி வந்தது. வேலாயுதம் அதை வெட்டி ஆல்பத்தில் ஒட்டி வைத்திருக்கிறார்.

அந்தப் பக்கத்தில்தான் திங்கட்கிழமை 'வெண்புறா' என்ற பேரில் யாரோ பதினோரு வரி எழுதியிருந்தார்கள். பிரிக்பீல்ட்ஸில் மூன்றாம் மாடியில் ஒரு நர்ஸ் இருக்கிறாளாம். சீக்கிரம் கல்யாணமாம். ஆனால் ஒரு ஞாயிறு விட்டு ஒரு ஞாயிறு டாக்டரின் காரில், முன் சீட்டு ராணியாக ஊர்வலம் போகிறாளாம். மாப்பிள்ளை பாவமாம்.

பேர் இல்லை. அதைக் கவனித்துக்கொள்ளுங்கள். எங்கேயும் பேர் இல்லை.

புதன்கிழமை கோயில் வாசலில் யாரோ அதை அச்செடுத்து வேலாயுதத்தின் கையில் கொடுத்துவிட்டுப் போனார்கள். இன்றைக்கு வெள்ளிக்கிழமை. காகிதத்துக்கு ஓட்டை போட்டு, கயிறு கோத்து, ஃபைலில் வைத்துவிட்டார்.

"அழிச்சிரு," என்றார் மகனிடம்.

விஜயன் சப்பாத்து மாட்டிக்கொண்டிருந்தான். "அழிச்சா மறைக்கிறாங்கன்னு சொல்லுவாங்கப்பா. எத்தன பேரு ஏற்கெனவே காப்பி எடுத்துட்டாங்களோ. போட்டது போட்டதுதான் லா."

"ஒன்னோட பக்கம்தானடா அது?"

"பக்கம் என்னோடது. எழுதறது அவங்க."

"அப்ப அதுல நீ யாரு?"

அவன் கயிற்றை இரண்டு முறை கட்டினான்.

"பத்திரிகைன்னா ஆசிரியர்னு ஒருத்தர் இருப்பாரு. எழுதினவன் விலாசம் இல்லாட்டி குப்பைக்கூடைக்குப் போவும். இங்க குப்பைக்கூடைக்கு யாருடா பொறுப்பு?"

"அதுதான்பா இதுல விசேஷமே. யாரும் யாரையும் கேக்க வேணாம். சாதாரண ஆளும் வாயத் தொறக்கலாம்."

"தொறந்துட்டான்ல, அதான் நாறுது," என்றாள் அவர் மனைவி தனலெட்சுமி சமையலறையிலிருந்து.

சந்திரகலா வெள்ளைச் சீருடையோடு வாசலில் நின்றாள். கிள்ளானுக்கு ஏழேகால் ரயில். "அப்பா, விட்டுருங்க. அதுல பேரு இல்ல. நான்தான்னு ஒரு ஆறு பேருக்குத்தான் தெரியும். ஞாயித்துக்கெழம முடியட்டும். அதுக்குள்ள அவங்களும் வேற யாரையாவது பிடிச்சிக்குவாங்க."

"சரிம்மா, நீ கெளம்பு."

வேலாயுதம் 'சரி' என்றால் காதில் விழுந்தது என்று அர்த்தம். சம்மதம் என்று அர்த்தமில்லை. இருபத்தேழு வருடம் அவருக்கு மகளாக இருந்தும் அவசரத்தில் அவள் அதை மறந்துபோனாள்.

முப்பத்தெட்டு வருடம் அவர் மேசைக்கு வந்த எந்தக் கடிதமும் பதில் இல்லாமல் போனதில்லை. குறித்த நாளுக்குள் பதில் போகவில்லை என்றால், சொன்னதை ஒப்புக்கொண்டோம் என்று ஆகிவிடும். அது ஆபீஸ் சட்டம். எழுபத்துநாலில் ஸ்டேஷன் காவலாளி ஒருவர் பேரில் திருட்டுப் பட்டம் கட்டி ஒரு மொட்டைக் கடிதம் வந்தது. வேலாயுதம் உட்கார்ந்து, ஒன்று, இரண்டு, மூன்று என்று நம்பர் போட்டு ஒரு பக்கம் பதில் எழுதினார். அந்த மனிதனின் வேலை நின்றது. பிள்ளைகள் படித்தார்கள். இன்றைக்கும் தீபாவளிக்கு முறுக்கு வருகிறது.

அந்த ஒரு பக்கத்தை மூன்றே மூன்று அதிகாரிகள் படித்தார்கள் என்பதை அவர் யோசிக்கவில்லை.

*

இராஜம்மா டைப்பிங் சென்டரில் முன்பு ஆறு தட்டச்சு மெஷின்கள் இருந்தன. இப்போது நாலு கம்ப்யூட்டர். பலகையில் 'டைப்பிங்' என்பதன் கீழே 'இன்டர்நெட்' என்று சிவப்புச் சாயத்தில் சேர்த்திருந்தது. வேலாயுதத்தின் பென்ஷன் மனு முதற்கொண்டு அடித்துக் கொடுத்தவள் கடைக்காரி இராஜம்மாதான்.

"வாங்கண்ணே. மூணாம் நம்பர்ல உக்காருங்க, அங்கதான் காத்தாடி அடிக்கும்."

அவர் நின்றபடியே சொன்னார். ஆங்கிலத்தில், ஆபீஸ் ஆங்கிலத்தில். அவள் அடித்தாள். தமிழில் சொன்னால் இப்படி இருக்கும்:

ஐயா, தாங்கள் திங்கட்கிழமை எழுதியது தொடர்பாக. ஒன்று: தாங்கள் குறிப்பிடும் நர்ஸ் என் மூத்த மகள் சந்திரகலா த/பெ வேலாயுதம், வயது இருபத்தேழு. இரண்டு: அவர் கிள்ளானில் தனியார் ஆஸ்பத்திரி ஒன்றின் மூன்றாம் வார்டில் பணிபுரிகிறார். மூன்று: டாக்டரின் காரில் முன் சீட்டில் சென்றதை மறுக்கவில்லை. ரவாங் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் நடக்கும் இலவச மருத்துவ முகாமுக்கு அந்தக் காரில் மூன்று நர்ஸ்கள் செல்வது வழக்கம். நான்கு: வரும் ஞாயிறு திரு. ஜெயராஜ் அவர்களுடன் இவருக்குப் பரிசம். ஐந்து: சந்தேகம் இருப்பின் வார்டுக்கோ என் வீட்டுக்கோ தொலைபேசியில் விசாரிக்கலாம். எண்கள் கீழே.

இராஜம்மாவின் விரல்கள் நின்றன. "அண்ணே, அந்தத் தாள்ல புள்ள பேரே இல்லையே. நாமளா ஏன் போடணும்?"

"பேரில்லாம எழுதறது அவன் புத்தி. நான் பேரோட எழுதுவேன்."

"போன் நம்பரு?"

"சந்தேகம்னு ஒருத்தன் கேட்டா எங்கதான் கேப்பான்?"

"நாங்கூட ஒரு வார்த்த சொல்லுவேண்ணே, கோவிச்சுக்காதீங்க…"

"நீ அடி தாயி."

எழுதுகிறவர் பேர் கேட்கும் கட்டத்தில் அவர் பேரை அடிக்க ஆரம்பித்தாள். இரண்டு ஆங்கில எழுத்து அடித்ததும் கீழே தானாக ஏதோ எட்டிப் பார்த்தது. இராஜம்மா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு அதை ஒரு நிமிடம் பார்த்தாள். மீதியை அடித்து முடித்தாள்.

"முடிவுல, 'தங்கள் பணிவுள்ள ஊழியன்'னு போடு."

"புறாவுக்கா?"

"முறைன்னு ஒன்னு இருக்கில்ல."

அனுப்பினாள். அவர் கொஞ்ச நேரம் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். "ரசீது வருமா?"

"ரசீதெல்லாம் வராதுண்ணே."

ஃபைலுக்கு ஒரு காப்பி, தனக்கு ஒரு காப்பி. மடித்து வைத்துக்கொண்டு, போகிற வழியில் மல்லிகைப்பூவுக்கும் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனார். அன்று காலை அவரைப்போல் நிம்மதியாக அந்தத் தெருவில் நடந்தவர் யாரும் இல்லை.

*

மூன்றாம் வார்டு போன் முதலில் அடித்தபோது மணி பதினொன்று.

"சந்திரகலாவா? டாக்டர் கார்ல எனக்கும் ஒரு எடம் கெடைக்குமா?" ஆண் குரல். பின்னால் நாலு பேர் சிரிப்பு.

அவள் வைத்துவிட்டாள். ஏதோ தறுதலை என்று நினைத்தாள். என் பேர் இவனுக்கு எப்படித் தெரியும் என்று நினைப்பதற்குள் மறுபடி அடித்தது. இந்த முறை ஒரு பெண். மரியாதையான பேச்சு. "தப்பா நெனைக்காதீங்க சிஸ்டர். ஒங்க அப்பாவே மறுக்கலன்னு எழுதிட்டாரே, அதான் கேட்டேன்."

"எங்க எழுதினாரு?"

"ஓ, ஒங்களுக்குத் தெரியாதா?" அந்தக் குரலில் ஒரு சந்தோஷம் இருந்ததே, அதை எப்படிச் சொல்வேன்.

பன்னிரண்டுக்குள் ஒன்பது அழைப்புகள். ஆறாவதை மேட்ரன் எடுத்தார். கேட்டுவிட்டு, போனை மெதுவாக வைத்துவிட்டு, "இது நோயாளிங்களுக்கான லைன் கலா," என்றார். மருந்து வண்டி பக்கத்தில் நின்ற இரண்டு பெண்கள் சட்டென்று பேச்சை நிறுத்தினார்கள்.

அந்த நிறுத்தம் சந்திரகலாவுக்குத் தெரியும். மூன்று மாதத்துக்கு முன்னால் இதே இடத்தில், இதே வண்டி பக்கத்தில், அதே தமிழர் மேடையிலிருந்து ஒரு தாள் வந்தது. ரவாங் பக்கம் ஒரு பள்ளி ஆசிரியையைப் பற்றி. எல்லாரும் படித்தார்கள். 'பாவம்' என்று யாரோ சொன்னபோது, "ஏதோ இருக்கப்போயிதான எழுதறாங்க," என்று சிரித்தது யார்? இவள்தான். அந்த ஆசிரியை இப்போது எந்த ஊரில் இருக்கிறாளோ.

மருந்து அறையில் சிவமலர் இவளைப் பிடித்து உட்கார வைத்தாள். கூட வேலை செய்பவள். பிரிக்பீல்ட்ஸில் இரண்டு தெரு தள்ளி வீடு. ரவாங் முகாமுக்குப் போகும் மூன்று பேரில் அவளும் ஒருத்தி. ஞாயிற்றுக்கிழமை சந்திரகலாவுக்குச் சேலை கட்டிவிட வருவதாக இருந்தவள்.

"குடி," என்று ஒரு குவளை மைலோவை நீட்டினாள். "மொதல்ல குடி. எனக்கு அப்பவே தெரியும்டி. முன் சீட்டுல உக்காராத, பாக்கறவங்க பேசுவாங்கன்னு எத்தன தடவ சொன்னேன்."

"எனக்கு வாந்தி வரும்னு ஒனக்குத் தெரியாதா? பின்னால உக்காந்தா அந்தத் தோட்டத்து ரோட்டுல கொடலே வெளிய வந்துரும்."

"எனக்குத் தெரியும். ஊருக்குத் தெரியுமா?"

*

இரண்டு மணிக்கு ஜெயராஜ் வந்தான். போர்ட் கிள்ளானில் கப்பல் சரக்கு ஆபீஸ் ஒன்றில் வேலை. கழுத்துப்பட்டை தளர்ந்திருந்தது. பின்பக்க மாடிப்படியில் நின்று பேசினார்கள்.

"நான் திங்கக்கெழமையே அதப் படிச்சேன் கலா."

"படிச்சிட்டு ஒன்னும் கேக்கலியே."

"நம்பல. அதனால கேக்கல."

"இப்ப?"

"இப்பவும் நம்பல. ஆனா அம்மாவுக்கு அது ஒன்னப் பத்தின்னே தெரியாது. காலைல சிட்னிலருந்து மாமா பொண்ணு கூப்ட்டிருக்கா. 'அத்த, அத்தான் பேரு இன்டர்நெட்டுல வந்திருக்கே, பாத்தீங்களா'ன்னு. அம்மா நல்ல சேதின்னு நெனச்சி, படிச்சுக் காட்டச் சொல்லியிருக்காங்க."

அவன் அம்மா சீதாலெட்சுமி அந்தப் பதினோரு வரியையும் பிறகு அந்த ஐந்து நம்பரையும் போனில் நின்றபடியே கேட்டிருக்கிறாள்.

"எங்க ஆபீஸ்ல நோட்டீஸ் போர்டுல ஒட்டியிருக்காங்க," என்றான் ஜெயராஜ். "என் பேருக்குக் கீழ பேனாவால கோடு போட்டு. எங்க சீன மொதலாளி, தவ்கேகூடப் படிச்சிட்டாரு. அவருக்குத் தமிழ் ஆளுங்க விஷயமே புரியாது, அவரே சிரிக்கறாரு."

"அம்மா என்ன சொல்றாங்க?"

"ரெண்டு மாசம் தள்ளி வைப்போம்னு…"

"நீங்க என்ன சொல்றீங்க?"

"அவங்க ஒரே பிடியா நிக்கறாங்க கலா."

"நான் அவங்களக் கேக்கல."

அவன் கார் சாவியைப் பார்த்தான். ஒரு மனிதன் சாவியைப் பார்க்கும்போது பதில் வந்துவிட்டது என்று அர்த்தம்.

"கொஞ்சம் அடங்கட்டுமே," என்றான்.

"எப்படி அடங்கும்? பேப்பர்னா மறுநாள் வட மடிக்கப் போவும். இது எங்க போவும்? நம்ம புள்ள பொறந்து, படிச்சி, ஒரு நாளைக்கு அம்மா பேர அடிச்சிப் பாத்தா அப்பவும் முன் சீட்டுலதான நான் உக்காந்திருப்பேன்?"

'நம்ம புள்ள' என்று சொன்னது அவளுக்கே சுருக்கென்றது. அவன் படியிறங்கினான். இரண்டு படி இறங்கித் திரும்பி, "சாப்ட்டியா?" என்று கேட்டான். அது ஒன்றுதான் அவனால் முடிந்தது.

*

சந்திரகலா வீட்டுக்கு வந்தபோது போன் கழற்றித் தனியாகக் கிடந்தது. தனலெட்சுமி அதன் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள்.

"சம்பந்தியம்மா கூப்ட்டாங்க," என்றாள். "கோவமே இல்ல. ரொம்ப மரியாதையாப் பேசினாங்க. தட்டுல பலகாரம் வச்சிராதீங்க, கெட்டுப்போவும்னாங்க." அவ்வளவுதான் சொன்னாள். ஒன்பது தட்டில் ஐந்தில் ஏற்கெனவே பலகாரம் வைத்தாகிவிட்டது.

விஜயன் தன் மூலையில் கம்ப்யூட்டர் முன்னால் முகம் வெளுத்து உட்கார்ந்திருந்தான். வேலாயுதம் சாப்பாட்டு மேசையில் ஃபைலைத் திறந்து வைத்திருந்தார். விஜயன் ஆபீஸிலிருந்து அச்செடுத்து வந்த தாள்கள். கடிதத்துக்கு வந்த மறுமொழிகள். பேனாவால் ஒவ்வொன்றின் ஓரத்திலும் நம்பர் போட்டுக்கொண்டிருந்தார்.

"அறுபத்து மூணு வந்திருக்கும்மா," என்றார் மகளைப் பார்த்து. குரலில் கோபமில்லை. வேலை நிறைய இருக்கிறது என்பதுபோல் ஒரு தொனி. "நாளைக்குச் சாயந்தரத்துக்குள்ள எல்லாத்துக்கும் பதில் எழுதிப்புடலாம். பாதி பேரு ஒரே விஷயத்தத்தான் கேட்டிருக்கான்."

"என்னப்பா கேட்டிருக்கான்?"

அவர் தாளைக் கையால் மூடிக்கொண்டார்.

"மறுக்கவில்லைன்னு ஏம்ப்பா எழுதினீங்க?"

"கார்ல போனது நெசம்தானம்மா. நெசத்த மறுத்து எழுதக்கூடாது. அப்பறம் மத்ததையும் நம்பமாட்டான்."

அவளுக்கு அவரைத் திட்ட வேண்டும் என்று ரயிலேறியதிலிருந்து இருந்தது. வாய் வரவில்லை. அந்தக் கை இன்னும் தாளை மூடியே இருந்தது. திரும்பித் தம்பியிடம் போனாள்.

"திங்கக்கெழம எப்பப் பாத்த இத?"

"சாயங்காலம். வேல முடியற நேரம்."

"யாருன்னு தெரிஞ்சிச்சா?"

அவன் மவுஸைத் தள்ளி வைத்தான்.

"மூணாம் மாடின்னு போட்டிருந்துச்சுல்ல. தெரிஞ்சிச்சா இல்லையா?"

"தெரிஞ்சிச்சுக்கா."

"ஏன் அழிக்கல?"

அவன் திரையின் அடியில் ஓடும் எண்ணைப் பார்த்தான். எத்தனை பேர் வந்து பார்த்தார்கள் என்று காட்டும் எண். "ஒரு நாளைக்கு நாப்பது, அம்பது பேருதான் வருவாங்க. திங்கக்கெழம எண்ணூறு பேரு வந்தாங்க. நாளைக்கு அழிக்கலாம்னு நெனச்சேன். மறுநாளு ஆயிரத்து எரநூறு…"

தனலெட்சுமி நாற்காலியிலிருந்து எழுந்து வந்தாள். அடிப்பாள் என்றுதான் நினைத்தான். அவள் நிதானமாகக் கேட்டாள்.

"ஆயிரத்து எரநூறு பேரு வந்தாங்களாடா, ஒங்க அக்காவப் பாக்க? வந்தவங்களுக்குக் காப்பித்தண்ணி எதாச்சும் குடுத்தியா?"

அவன் அழுதான். மேசையில் தலையை வைத்து, சின்னப் பையன் மாதிரி. யாரும் அவன் முதுகைத் தொடவில்லை.

*

விளக்கு வைக்கிற நேரத்துக்கு இராஜம்மா வந்தாள். மூன்று மாடி ஏறிய மூச்சு வாங்கியது. அக்குளில் ஒரு நோட்டுப் புத்தகம்.

"அண்ணே, என் கையாலதான் அடிச்சேன். காலைலேருந்து சோறு எறங்கல." உட்காரச் சொன்னபோதும் உட்காரவில்லை. சந்திரகலாவை அடுப்படிப் பக்கம் கூட்டிப்போனாள்.

"கலா, இந்தக் கம்ப்யூட்டர் ஒரு தடவ ஒரு பேர அடிச்சா அத ஞாபகம் வச்சிக்கும். மறுபடி அதே மாதிரி ஆரம்பிச்சா, 'இதுதான வேணும்'னு எடுத்துக் காட்டும். இங்கிலீஷ்ல அப்பா பேருக்கும் புறா பேருக்கும் மொத ரெண்டெழுத்து ஒன்னுதான. அப்பா பேர நான் அடிக்க ஆரம்பிச்சேனா, கீழ வெண்புறான்னு வந்து நிக்குது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. அந்தப் புறா என் கடையில, அந்த மூணாம் நம்பர்லதான் உக்காந்து எழுதியிருக்கு."

"யாரு?"

"நான் வர்றவங்க பேரும் நேரமும் எழுதி வைப்பேன். ஒங்க பேப்பர்ல நேரம் போட்டிருக்கு பாரு, நாலு நாப்பது." புத்தகத்தைத் திறந்தாள். விரலை ஒரு வரியின்மேல் வைத்தாள், உடனே எடுக்கவில்லை. "இரு. நான் சொல்றதக் கேட்டுட்டு அப்பறம் பாரு. திங்கக்கெழம நாலேகாலுலேருந்து அஞ்சு வரைக்கும் மூணாம் நம்பர் இவ பேருல இருக்கு. அத மட்டும்தான் இந்தப் புத்தகம் சொல்லுது. நடுவுல நான் மருந்துக் கடைக்குப் போயிட்டு வந்தேன். பத்து நிமிஷம். இவ எழுந்து போயி வேற யாரும் உக்காந்திருக்கலாம். நான் பாக்கல. பாக்காதத நான் சொல்லமாட்டேன்."

விரலை எடுத்தாள்.

சிவமலர்.

அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. இராஜம்மாதான் அணைத்தாள்.

"கேளு கலா. நேருல போயி ஒரு வார்த்த கேளு. ரெண்டு தெருதானே."

சந்திரகலா வழிந்த பாலைத் துடைத்தாள். முன் சீட்டு. எத்தன தடவ சொன்னேன். ஊருக்குத் தெரியுமா. மருந்து அறையில் நீட்டிய அந்த மைலோ இப்போதும் நாக்கில் இருந்தது.

இராஜம்மா படியிறங்கிப் போன பிறகு, கழற்றிக் கிடந்த போனை எடுத்து வைத்தாள். வைத்த கையோடு அடித்தது.

"கலா? எவ்ளோ நேரமா அடிக்கிறேன். சாப்ட்டியாடி?" சிவமலர்தான்.

"சாப்ட்டேன்."

"கிள்ளான்ல என்ன சொன்னாங்க?"

"ஞாயித்துக்கெழம நீ வர வேணாம். பரிசம் இல்ல."

அந்தப் பக்கம் ஒரு விசும்பல் கேட்டது. உண்மையான அழுகையா, இல்லையா? நீங்கள் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பீர்களோ எனக்குத் தெரியாது. "நாசமாப் போறவங்க," என்றாள் சிவமலர். "நான் இப்ப வரட்டுமா? ரெண்டு நிமிஷத்துல வந்துருவேன்."

திங்கட்கிழமை எங்கே போயிருந்தாய்? ஒரே ஒரு கேள்வி. கேட்பதற்கு ஒரு மூச்சுப் போதும். ஆமாம் என்றோ இல்லை என்றோ முகத்தைப் பார்த்துச் சொல்ல அவளே வருகிறேன் என்கிறாள்.

"வேணாம். தூக்கம் வருது," என்று வைத்துவிட்டாள் சந்திரகலா.

விஜயன் தலையை நிமிர்த்தினான். கண் வீங்கியிருந்தது. "அக்கா, மூடிடறேன். இப்பவே. பக்கத்தையே எடுத்துடறேன்."

"மூடாத."

"இல்லக்கா, போதும்…"

"நாளைக்கு மூடு. எந்திரி."

அவன் எழுந்தான். அவள் உட்கார்ந்தாள். கம்ப்யூட்டர் போன் லைனைப் பிடித்துக்கொண்டு கீச்சிட்டது. அதற்கப்புறம் வீட்டுப் போன் அடிக்கவில்லை.

மேசையிலிருந்து வேலாயுதம் மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். முகம் கொஞ்சம் தெளிந்தது. "நீயும் பதில் எழுதறியாம்மா? நல்லது. வெலாசத்தோட எழுது. கடைசில கையெழுத்து இருக்கணும்."

"சரிப்பா."

அவளுடைய 'சரி'யும் இன்று அவருடையதைப்போலவே இருந்தது. பிரிக்பீல்ட்ஸில் இரண்டாவது தெருவில் ஒரு நர்ஸ் இருக்கிறாள் என்று ஆரம்பிக்கலாம். பின் சீட்டில் உட்காருகிறவள். அவளுக்கு ஒரு தங்கை, கல்யாண வயதில். எழுத எவ்வளவோ இருந்தது. நாலு வருட சிநேகிதம், தெரியாதது என்ன இருக்கிறது?

"விஜயா, இந்தப் பேரு எழுதற எடத்துல என்ன வேணா போடலாம்ல?"

விஜயன் பதில் சொல்ல வாயெடுத்தான். அம்மாவைப் பார்த்தான். தனலெட்சுமி தட்டுகளுக்குச் சுற்றிய கண்ணாடித்தாளை ஒவ்வொன்றாகக் கிழித்துக்கொண்டிருந்தாள். அந்தச் சரசரப்பில் அவளுக்கு எதுவும் கேட்கவில்லை.

சந்திரகலா விசைகளின்மேல் விரலை வைத்தாள். பேர் கேட்ட கட்டத்தில் அவள் அடித்தது அவள் பேர் இல்லை.